நாற்பத்தொன்றாம் வரிசையின் சட்டம்

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு வெர்லன் ஸ்டக்கி தன் பிக்கப் வண்டியைத் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடித்தான். மூன்று தடவை அடிக்கக் கூடாது. என்றைக்கோ ஒருநாள் மூன்று தடவை அடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அன்று ஆல்டன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி வாங்கிய உதையை ஊரே ஒரு மாதம் பேசியது.

தங்கை புருஷன் டுவைட் டோனட் பெட்டியோடு வந்து ஏறினான். தலையில் பத்து வருடமாகத் தண்ணீர் காணாத சிவப்புத் தொப்பி.

"மச்சான், சாக்ஸ் சரியா போட்டிருக்கியா?"

"இடது கால்ல சிவப்பு, வலது கால்ல வெள்ளை. ஒவ்வொரு தடவையும் கேக்கணுமா மாப்ளே?"

"கேக்கறதும் சாங்கியத்துல ஒண்ணுதான்."

முப்பத்தொரு வருடமாக இந்தப் பயணம் நடக்கிறது. நெடுஞ்சாலையில் போனால் ஆல்டன் ஒன்றரை மணி நேரம். இவர்கள் போவது பழைய சாலையில், இரண்டரை மணி நேரம். நெடுஞ்சாலை திறந்த புதிதில் ஒரே ஒருமுறை அதில் போய்ப் பார்த்தார்கள். அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத அணி ஒன்று அன்றைக்கு ஆல்டனைத் துவைத்துக் காயப்போட்டது. அதற்கப்புறம் இருவரும் அந்தச் சாலைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வெர்லன் ஒன்றும் விவரம் இல்லாதவன் அல்ல. அறுபத்து மூன்று வயது. பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். என்ஜின் ஏன் நின்றது என்று கேட்டால் போல்ட் போல்ட்டாகக் காரணம் சொல்வான். சனிக்கிழமை மட்டும் அவனுக்குக் காரணமும் காரியமும் வேறு.

மக்காச்சோளம் அறுத்து முடித்த வயல்களில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. வழக்கமான பெட்ரோல் பங்கில் நாலாம் நம்பர் பம்பில் ஒருவர் நிரப்பிக்கொண்டிருந்தார். மற்ற ஐந்து பம்புகளும் காலி. இவர்கள் நாலாம் பம்புக்காகக் காத்திருந்தார்கள். பங்க்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். அவருக்கும் இது பழகிவிட்டது.

அப்போதுதான் டுவைட் வண்டிக்குள் முன்பக்கம் செருகியிருந்த தாளை உருவிப் பார்த்தான்.

"முதல் கோட்டுல நீ. ரெண்டாவதுல நான். மூணாவதுல 'லொரெட்டா'ன்னு பென்சில்ல எழுதி விட்டிருக்கே. மிச்சப் பேரு எங்க?"

"தெரியாது."

"பத்தொன்பது வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கே. முழுப் பேரு தெரியாதா?"

"உனக்குத் தெரியுமா?"

டுவைட் டோனட்டை மென்றபடி யோசித்தான். அவனுக்கும் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஆல்டன் மைதானம் நூறு வருடத்துக்கு முந்தைய செங்கல் கட்டடம். குதிரை லாடம் மாதிரி வளைந்து நிற்கும். உள்ளே நாற்காலி கிடையாது, நீளநீளமாகப் பலகைதான். பலகையில் பதினேழு அங்குலத்துக்கு ஒரு எண் எழுதியிருக்கும். அந்தப் பதினேழு அங்குலம்தான் ஒருவருடைய சாம்ராஜ்யம். இந்த ஆட்டத்தோடு பலகைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு நாற்காலி போடப் போகிறார்கள். ஒரு வரிசையில் இருபத்திரண்டு பேர் இருந்த இடத்தில் இனிமேல் பதினெட்டுப் பேர். எல்லோரையும் கலைத்துப் போட்டுப் புதிதாக இடம் கொடுப்பார்கள். சேர்ந்து உட்கார விரும்புகிறவர்கள் முழுப் பெயர் எழுதி, கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமைக்குள் தாளை அனுப்ப வேண்டும். முழுப் பெயர் இல்லாத தாள் குப்பைக்குப் போகும்.

டுவைட் பதினொன்று, வெர்லன் பன்னிரண்டு, லொரெட்டா பதின்மூன்று. நாற்பத்தொன்றாம் வரிசையில் யாருக்கும் யாருடைய முழுப் பெயரும் தெரியாது. ஆனால் யாருக்கு எப்போது மூட்டு அறுவை சிகிச்சை, யார் மகள் யாரை விட்டுவிட்டு வந்தாள் என்பதெல்லாம் அத்துப்படி. வருடத்தில் ஏழு சனிக்கிழமை உயிருக்கு உயிராக இருப்பார்கள். மற்ற நாட்களில் யார் எங்கே என்று தெரியாது. ஆறு வருடத்துக்கு முன்னால் லொரெட்டாவின் கணவர் ரஸ் கோடைக்காலத்தில் இறந்துபோனார். வரிசைக்குச் செய்தி தெரிந்ததே செப்டம்பரில்தான். பூ அனுப்பக்கூட விலாசம் இல்லை. முதல் ஆட்டத்தன்று ஒரு பூங்கொத்தைப் பதினான்காம் எண் பலகைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார்கள். லொரெட்டா அன்றைக்கு அழவில்லை. கடைசியில் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு போகும்போது, "நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெர்லனுக்கு அவளைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணம் என்று ஒன்றைச் செய்துகொள்ளாமலே அறுபது தாண்டியவன், மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளை எண்ணி வாழ்ந்துகொண்டிருந்தான். இன்று கேட்காவிட்டால் அவள் அடுத்த செப்டம்பரில் மைதானத்தின் எந்த மூலையில் இருப்பாளோ. தேடினால் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது வேறு, கேட்டு வாங்குவது வேறு என்று அவன் நினைத்தான். அது சரிதான்.

"இன்னிக்கு கேட்டுடுவே இல்ல?" என்றான் டுவைட்.

"கேட்டுடுவேன்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே. கடைசியில நாலு மணி நேரம் மழையைப் பத்திப் பேசிட்டு வந்தே."

நாலாம் பம்ப் காலியானது.

ஒன்பது மணிக்கு ஆல்டன். தேவாலயத்துப் புல்வெளியில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தாழ்த்தி, சின்ன அடுப்பை மூட்டி சாசேஜ் சுட்டார்கள். பக்கத்து வண்டிக்காரர் எதிரணியான கார்வின் கல்லூரியின் நீலச் சட்டையில் இருந்தார். "இன்னிக்கு உங்க சட்டை நீலம், நாளைக்கு முகம் நீலம்" என்று டுவைட் சீண்டினான். அந்த மனிதர் சிரித்துவிட்டு 'ஆப்பிள் பை' பலகாரம் ஒரு துண்டு கொடுத்தார். வெர்லன் கோட்டின் உள்பையில் தாளையும் பேனாவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொன்றரைக்குப் படியேறினார்கள். நாற்பத்தொன்றாம் வரிசையின் ஓரத்தில், முதலாம் எண் பலகையில், மிட்ஜ் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபத்தாறு வயது, முன்னாள் பள்ளிக்கூட நர்ஸ். வரிசைக்கு அவர்தான் அரசாங்கம், நீதிமன்றம், போலீஸ் எல்லாம்.

"சாக்ஸைக் காட்டு" என்றார்.

வெர்லன் பேன்ட்டைத் தூக்கிக் காட்டினான்.

"போ."

லொரெட்டா ஏற்கெனவே வந்திருந்தாள். சிவப்புக் கம்பளித் தொப்பி, மடியில் தக்காளி சூப் பிளாஸ்க். கிழக்கே ஏதோ ஒரு சிற்றூர் தபால் ஆபீஸ் கவுன்டரில் வேலை. ஊரில் உள்ள எல்லோருடைய முழுப் பெயரும் விலாசமும் அவள் விரல் நுனியில் இருந்தன. அவளுடையதுதான் வெர்லனிடம் இல்லை.

"வாங்க வெர்லன். முகம் ஏன் இப்படி இருக்கு? பல் வலியா? வேணும்னா பதினாலாம் நம்பர்ல டாக்டர் இருக்காரு."

ரஸ்ஸுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த பல் டாக்டர் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி கையசைத்தார்.

"பல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றான் வெர்லன்.

செப்டம்பரில் இருபத்திரண்டு பேர் அந்தப் பலகையில் தாராளமாக உட்காரலாம். நவம்பரில் முடியாது. கோட்டும் ஸ்வெட்டரும் கம்பளியும் சேர்ந்து ஆளுக்கு மூன்று அங்குலம் பெருத்துவிடுவார்கள். அதற்கென்று வரிசைக்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். மிட்ஜ் அம்மாள் எண்ணுவார். மூன்று என்றதும் இருபத்திரண்டு பேரும் ஒரே நொடியில் உட்கார வேண்டும். ஒரு நொடி தாமதித்தவன் ஆட்டம் முழுக்க நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும்.

"எந்திரிங்க! ஒண்ணு, ரெண்டு, மூணு!"

தொப்பென்று உட்கார்ந்தார்கள். லொரெட்டாவின் தோள் வெர்லனின் தோளோடு அழுந்தி நின்றது. இனி மூன்றரை மணி நேரத்துக்கு நகர வழியில்லை. வருடத்தின் பன்னிரண்டு மாதங்களில் வெர்லனுக்கு நவம்பர் ஏன் பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு அவன் மாதக் கடைசியில் வரும் நன்றித் திருநாள் வான்கோழி விருந்தைக் காரணம் சொல்வான்.

ஆட்டம் தொடங்கியது. ஆல்டன் பையன்கள் ஆடிய அழகைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. தலைக்கவசத்தோடு பாய்ந்து வந்த நீலச் சட்டைகள் அந்த நீள்வட்டப் பந்தைத் தங்கள் சொந்தச் சொத்துபோல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி ஆட்டம் முடிந்தபோது கார்வின் இருபது, ஆல்டன் மூன்று.

"யாரோ எதையோ மாத்திப் பண்ணியிருக்காங்க" என்று மிட்ஜ் அம்மாள் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். எல்லோரும் குனிந்து தங்கள் தங்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாம் கால்பகுதி ஆரம்பித்ததும் வெர்லன் கையைக் கோட்டுக்குள் விட்டான்.

"லொரெட்டா."

"ம்?"

"ஒரு விஷயம்."

"சொல்லுங்க."

அவள் முழுதாக அவன் பக்கம் திரும்பினாள். அந்த நெருக்கத்தில் திரும்பியதால் அவள் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வெர்லனின் வாயில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது.

"ஹாட் சாக்லேட் வேணுமா?" என்றான்.

டுவைட் பக்கத்தில் தலையில் அடித்துக்கொண்டது லொரெட்டாவுக்கும் கேட்டிருக்கும்.

"வாங்கிட்டு வாங்க" என்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது. அது ஏமாற்றமா, தன் கற்பனையா என்று படியிறங்கும்போது வெர்லன் குழம்பினான்.

கீழே கடையில் நீண்ட வரிசை. அவன் இரண்டு கோப்பைகளையும் கையில் வாங்கிய நேரத்தில் தலைக்குமேல் கட்டடமே அதிர்ந்தது. கூரையிலிருந்து தூசி உதிர்ந்தது. டச்டவுன். ஆல்டன் பையன்கள் பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்கள். கார்வின் இருபது, ஆல்டன் பத்து.

இரண்டிரண்டு படியாகத் தாண்டி மேலே வந்தவனை மிட்ஜ் அம்மாள் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கேயே நில்லு."

"மிட்ஜம்மா—"

"அம்மாவாவது ஆட்டுக்குட்டியாவது. நீ இருந்தப்போ மூணு பாயின்ட். நீ போன அஞ்சு நிமிஷத்துல ஏழு பாயின்ட். சட்டம் தெரியுமில்ல?"

தெரியும். யார் எழுந்துபோன நேரத்தில் புள்ளி விழுகிறதோ அவர் அதிர்ஷ்டம் தீரும்வரை திரும்பி வரக் கூடாது. இந்தச் சட்டப்படி டுவைட் ஒருமுறை ஒரு கால்பகுதி முழுக்கக் கழிப்பறையில் இருந்திருக்கிறான். போன வருடம் பல் டாக்டர் கொட்டும் மழையில் முக்கால் மணி நேரம் படியில் நின்றார். திரும்பி வரப் பார்த்தவரை 'அசையாதீங்க டாக்டர்' என்று மிரட்டியதே வெர்லன்தான். இப்போது எந்த வாயால் மறுப்பது?

"அவங்க சாக்லேட்டைக் கொடு" என்று மிட்ஜ் அம்மாள் ஒரு கோப்பையை வாங்கினார். அது பதினோரு கைகள் மாறி லொரெட்டாவிடம் போய்ச் சேர்ந்தது. அவள் கோப்பையை உயர்த்திக் காட்டினாள். பல் டாக்டர் பழிவாங்கிய சந்தோஷத்தில், "அசையாதீங்க மெக்கானிக்!" என்று கத்தினார்.

இருபதாம் வரிசைக்கு நடுவே உள்ளே நுழையும் வாசல் ஒன்று உண்டு. வெர்லன் அங்கே போய் நின்றான். மஞ்சள் ஜாக்கெட் போட்ட காவலாளிப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தள்ளி வச்சுட்டாங்களா?"

"ஆமா."

"எந்த வரிசை?"

"நாப்பத்தொண்ணு."

"அட கடவுளே. அவங்க கறாரான ஆளுங்களாச்சே" என்றாள்.

பத்து நிமிடத்தில் இன்னொரு டச்டவுன். இருபது, பதினேழு. வரிசையே எழுந்து நின்று வெர்லனைப் பார்த்துக் கும்பிடாத குறையாக இரண்டு கையையும் தாழ்த்தி, 'அங்கேயே இரு, அங்கேயே இரு' என்று சைகை செய்தது. நான்காம் கால்பகுதியின் பாதியில் மூன்றாவதும் விழுந்தது. ஆல்டன் இருபத்து நான்கு, கார்வின் இருபது. நாற்பதாயிரம் பேர் மைதானத்தைப் பார்த்துக் கூத்தாடினார்கள். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேலே அண்ணாந்து பார்த்து நின்றவன் ஒருவன்தான்.

அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பதின்மூன்றாம் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோளோடு தோளாக உட்காரும்போது அவன் அவள் முகத்தை நேராகப் பார்ப்பது அபூர்வம். ஓரக்கண்ணால் மூக்கு நுனியும் தொப்பியும் தெரியும், அவ்வளவுதான். இங்கிருந்து முழுதாகத் தெரிந்தது. இரண்டாவது டச்டவுன் விழுந்தபோதுகூட அவள் முதலில் கீழே அவனைத்தான் பார்த்தாள். மூன்றாவது தடவை அவன் எண்ணிக்கொண்டே கவனித்தான், அப்போதும் அப்படித்தான்.

மூன்று நிமிடம் மீதி இருந்தபோது லொரெட்டா பிளாஸ்க்கை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பலகைமேல் போட்டிருந்த சின்ன மெத்தையை மடித்தாள். அவள் எப்போதுமே கடைசி நிமிடங்களில் கிளம்பிவிடுவாள். கிழக்கே போகும் சாலையில் ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய பாலம் இருக்கிறது, கூட்டத்தில் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். போவது வரிசையின் அந்தக் கோடி வழியாக, இருபத்திரண்டாம் எண் பக்கம். இந்த வாசல் பக்கம் அவள் வரவே மாட்டாள்.

கீழே கார்வின் அணியிடம் பந்து இருந்தது. அடி அடியாக முன்னேறிக்கொண்டிருந்தார்கள். வெர்லன் கால் எடுத்து வைத்தான்.

"சார்," என்றாள் மஞ்சள் ஜாக்கெட், "யோசிச்சுப் பண்ணுங்க. நானும் ஆல்டன்தான்."

"யோசிச்சுட்டேன்" என்றான்.

மிட்ஜ் அம்மாள் அவன் ஏறி வருவதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெர்லன்! நாலு பாயின்ட் முன்னால இருக்கோம். கால ஒடச்சுடுவேன்!"

"ஒடைங்க மிட்ஜம்மா. ஆனா நான் உட்காரணும்."

"இன்னும் ஒரு நிமிஷம்டா! ஒரே நிமிஷம்! அப்புறம் இங்க குடியே இரு!"

"ஒரு நிமிஷத்துல அவங்க போயிடுவாங்க."

வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. லொரெட்டாவுக்கும் கேட்டது. பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். வெர்லன் பத்துப் பேர் முழங்கால்களை இடித்துக்கொண்டு உள்ளே போனான். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரித் திட்டினார்கள். டுவைட்டிடம் வந்து சேர்ந்தால் இடம் இல்லை. கோட்டுகள் உப்பி, பன்னிரண்டாம் எண் மறைந்தே போயிருந்தது.

மிட்ஜ் அம்மாள் அவனைப் பார்த்தார், லொரெட்டாவைப் பார்த்தார். நாற்பது வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வயிற்று வலியில் எது நிஜம், எது பொய் என்று கண்டுபிடித்த மனுஷி.

"எந்திரிங்க எல்லாரும்" என்றார் சோர்ந்துபோன குரலில். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

இருபத்திரண்டு பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள். வெர்லனின் இடுப்பு பலகையைத் தொட்ட அதே நொடியில் கார்வின் பையன் எறிந்த பந்து முப்பது கஜம் பறந்து, மூலையில் ஓடிய இன்னொரு நீலச் சட்டையின் கையில் போய் விழுந்தது. டச்டவுன். கடிகாரத்தில் முப்பத்தெட்டு விநாடி. கார்வின் இருபத்தேழு, ஆல்டன் இருபத்து நான்கு.

நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வாயடைத்தால் காதில் ரீங்காரம் கேட்கும். நாற்பத்தொன்றாம் வரிசையின் அத்தனை தலைகளும் மெல்லத் திரும்பின.

"மச்சான்," என்றான் டுவைட், அழாத குறையாக. "இன்னும் முப்பத்தெட்டு செகண்டு இருக்கு. ஓடிப்போயிடு. புண்ணியமாப் போகும்."

"மாட்டேன்" என்றான் வெர்லன்.

அவன் எழவில்லை. லொரெட்டா பையை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதட்டோரம் துடித்தது.

"நாப்பதாயிரம் பேரோட சனிக்கிழமையைக் கெடுத்துட்டு வந்து உட்கார்ந்திருக்கீங்க" என்றாள். "எதுக்குன்னு சொல்லிடுங்க வெர்லன். இல்லேன்னா இவங்க உங்களைக் கீழே தூக்கிப் போட்டுருவாங்க."

அவன் தாளை எடுத்து நீட்டினான். பேசியிருந்தால் மறுபடியும் ஹாட் சாக்லேட்தான் வந்திருக்கும். அவள் தபால் ஆபீஸ் கண்ணால் அதை மேலிருந்து கீழாகப் படித்தாள். மூன்றாவது கோட்டில் பென்சிலில் எழுதி அழித்து எழுதியிருந்த தன் பெயரில் விரலை வைத்தாள்.

"இதுல முழுப் பேரு வேணும்."

"தெரியாது. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"மூணு மணி நேரமா?"

"மூணு வருஷமா" என்றான்.

டுவைட் தொப்பியை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொண்டான்.

லொரெட்டா தாளை மடித்தாள். "நான் அடுத்த வருஷம் வரலை வெர்லன்" என்றாள் மெதுவாக. "செப்டம்பர்லயே இடம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். நாப்பத்தொரு வரிசை ஏற முழங்கால் ஒத்துக்கலை. மிட்ஜ் அழுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை."

வெர்லன் கீழே பார்த்தான். பந்து எங்கோ உருண்டது. மேளக்காரப் பிள்ளைகள் ஏதோ வாசித்தார்கள். அணியைத் தோற்கடித்துவிட்டு வாங்கியது இதுதானா என்று நினைத்தான். இருந்தும் இன்றைக்கு ஒருநாள் வாய் திறந்துவிட்டது. அதை மூட அவனுக்கு மனமில்லை.

"அப்ப சனிக்கிழமை என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுல டிவியிலதான் பாக்கணும்."

"தனியாவா?"

"ஒரு சோஃபா இருக்கு. பெரிசு. அதுல நம்பர் எல்லாம் எழுதியிருக்காது." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்கன்னா ஒரு இடம் தருவேன். ஆனா ஒண்ணு. டச்டவுன் விழறப்போ நீங்க சமையலறையில இருந்தா, அங்கேயேதான் இருக்கணும். சட்டம் சட்டம்தான்."

வெர்லன் சிரித்தான். சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. குளிர் என்று யாரும் சொல்லிக்கொள்ளலாம். கடைசி விசில் ஊதியது. ஆல்டன் தோற்றது.

லொரெட்டா பேனாவை அவன் கையிலிருந்து வாங்கி, பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் மீதிப் பெயரை எழுதினாள். லொரெட்டா பிரன்னெமன். கீழே வீட்டு எண், தெரு, ஊர், பின்கோடு, ஒன்று விடாமல்.

"காலையில சிக்கன் நூடுல்ஸை மெதுவா வேகற எலெக்ட்ரிக் குக்கர்ல வச்சுட்டு வந்தேன். இந்நேரம் குழைஞ்சிருக்கும். எப்பவும் அதிகமாத்தான் பண்ணிடறேன்" என்றாள். பிறகு டுவைட்டின் தொப்பியைக் காட்டி வெர்லனிடம், "உங்க மாப்ளே உங்ககூட மறுபடி பேச ஆரம்பிச்சா அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போகும்போது மிட்ஜ் அம்மாள் வெர்லனின் கையைப் பிடித்து நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று அவன் நினைத்தான். அவர் தன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து நீட்டி, "உன் முழுப் பேரை எழுது. எல்லாரும் எழுதிட்டுப் போங்க. திரும்பவும் பூங்கொத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது" என்றார். வரிசை நின்று எழுதிவிட்டுத்தான் கலைந்தது.

வண்டியில் டுவைட் வாயைத் திறக்கவில்லை. தேவாலயத்துப் புல்வெளியிலிருந்து வெளியே வரும் இடத்தில் சாலை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே பழைய சாலை, பெட்ரோல் பங்க், நாலாம் பம்ப், வீடு. வெர்லன் கிழக்கே திருப்பினான்.

டுவைட் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மச்சான், இது நம்ம ரோடு இல்லையே."

"தெரியும்."

"முப்பத்தொரு வருஷமா இந்தப் பக்கம் திரும்பினதே இல்ல. இப்படிப் போனா அடுத்த வருஷமும் தோத்துடுவோம்."

ஒற்றை வண்டிப் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. வெர்லன் என்ஜினை அணைத்துவிட்டு, தாளை எடுத்து அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தான்.

"தோக்கட்டும்" என்றான்.